விருந்தாளி நின்றால் மெதுவாக ஓடும் கம்பி

1

நேற்று அலுவலகத்தில் எல்லோரும் என் மேஜையைச் சுற்றி வந்து நின்றார்கள். நான் ஜெர்மனிக்கு வந்து இந்தக் கம்பெனியில் சேர்ந்து பத்து வருடம் ஆகிவிட்டதாம். கைகுலுக்கினார்கள், தோளைத் தட்டினார்கள், அப்புறமும் போகாமல் நின்றார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் வரவேற்பறையில் இருக்கும் பெண் இரக்கப்பட்டு என் காதருகே வந்து, "கேக் எங்கே?" என்று கேட்டாள். இந்த நாட்டில் யாருக்கு விசேஷமோ அவர்தான் கேக் வாங்கி வந்து மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். பத்து வருடமாக மற்றவர்கள் வாங்கி வந்த கேக்கையெல்லாம் தின்றிருக்கிறேன். தின்னத்தான் தெரிந்ததே தவிர வழக்கத்தைக் கற்றுக்கொள்ளத் தெரியவில்லை. மழையில் ஓடிப்போய் மூலைக்கடையில் மிச்சமிருந்த ஒரு ஆப்பிள் கேக்கை வாங்கி வந்தேன்.

வீட்டில் இதைச் சொன்னதும் மனைவி சுமதி விழுந்து விழுந்து சிரித்தாள். மகள் யாழினி சிரிக்கவில்லை. பதினொரு வயதுதான், ஆனால் இந்த ஊர் முறைகளில் எனக்கு அவள்தான் வாத்தியார். "அப்பா, இனிமேல் என்னைக் கேளுங்கள்" என்று ஜெர்மனில் சொன்னாள். ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்தி, வெளியூர்க்காரருக்கு வழி சொல்வதுபோல. தோழிகளோடு போனில் பேசும்போது அதே ஜெர்மன் அவள் வாயில் சரவெடியாக வெடிக்கும். எனக்காக வேகத்தைக் குறைத்துக்கொள்கிறாள். அப்படி அவள் குறைக்கும்போதெல்லாம் எனக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைதான் ஞாபகம் வரும்.

ஊருக்கு வரும்போது, "ஜெர்மன்ல இன்னாதான்யா பண்ற?" என்று நீங்கள் கேட்பீர்கள். நான் மென்று விழுங்கி "கம்ப்யூட்டர்" என்பேன். இந்த முறை ஒழுங்காகப் பதில் சொல்கிறேன். என் தங்கை கணவனின் வேலைக்கு நான் வேட்டு வைக்கப் பார்த்த கதையைச் சொன்னாலே போதும். தொழிலும் தெரிந்துவிடும், என் லட்சணமும் தெரிந்துவிடும்.

2

"என் அப்பா இரும்புக்குக் காது வைத்துக் கேட்கிறவர்" என்று யாழினி பள்ளியில் சொல்லிவைத்திருக்கிறாள். நான் எழுதிய எந்த அறிக்கையையும்விட இது தெளிவு. மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை இரும்புக் கம்பிக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொல்லும் மிஷினைச் செய்கிறோம். கம்பி உருளைகளின் மேல் ஓடிக்கொண்டே இருக்கும். அதைச் சுற்றி வளையமாக உணரிகள். ஒவ்வொரு உணரிக்குப் பின்னாலும் ஒரு சிக்னல் பிராசசிங் சிப். அதற்கு ஒரு வேலைதான் தெரியும்: எதிரொலியை எண்ணாக்கி, இரைச்சலைக் கழிப்பது. ஆனால் அதை மூச்சுவிடாமல் செய்யும். இந்தச் சிப்புகளுக்குப் பின்னால் ஒரு பெட்டி நிறைய, பலகை பலகையாகச் செருகிய பிராசசர்கள். அவை வேலையைப் பங்குபோட்டுக்கொண்டு ஒரே நேரத்தில் யோசிப்பவை. முன்னால் நிற்பது வேகமான வேலையாள், பின்னால் இருப்பது யோசனைக்காரர்கள் கூட்டம். இரண்டுக்கும் நடுவில் கல்யாணம் பண்ணிவைக்கும் தரகன் நான்.

யோசித்து முடித்ததும் பதில் ஒரு பெயின்ட் குழாய்க்குப் போகும். பழுதுள்ள இடம் குழாயின் அடியில் வரும்போது சிவப்புப் பெயின்ட் பீச்ச வேண்டும். கம்பி நமக்காக நிற்காது. பதில் கொஞ்சம் பிந்தினாலும் பெயின்ட் பின்னால் வரும் நல்ல கம்பியின்மேல் விழும். விரிசல் விட்ட கம்பி மாப்பிள்ளை மாதிரி ஜம்மென்று போய்விடும். அதாவது எங்கள் தொழிலில், தாமதமாக வரும் சரியான பதிலும் தப்பான பதில்தான். "ரியல் டைம்" என்று நாங்கள் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு பெருமையாகச் சொல்வது இவ்வளவுதான்.

இனி பழனி. ஆரம்பாக்கம் பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். பிறகு என் தங்கை விஜயாவைக் கட்டிக்கொண்டு எனக்கு மாப்பிள்ளை ஆனான். கும்மிடிப்பூண்டியில், மோட்டார் வண்டிகளுக்கு வேண்டிய கம்பி செய்யும் ஓர் ஆலையில் லைன் ஃபோர்மேன். முதலாளி ஹமீது பாய், பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்துக்காரர். வாங்குகிறவர்கள் சோதித்த கம்பிதான் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்த நேரம். "என் மச்சான் ஜெர்மன்ல இதான் பண்றாரு பாய். அவுரு மிஷின போட்டா கண்ண மூடிக்கினு லோடு அனுப்பலாம்" என்று பழனி போய்ச் சொல்லியிருக்கிறான். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் பாய் மிஷினுக்கு ஆர்டர் கொடுத்தார். இது இரண்டாயிரத்து நாலில். எங்கள் அலுவலகத்தில் அன்று நான் தரையில் நடக்கவில்லை.

3

மிஷினைப் பழக்க மாதிரிக் கம்பிகள் வேண்டும். "அந்த ஆலையில் தினமும் வரும் கம்பியில் கொஞ்சம் அனுப்பச் சொல், பழுதானதும் இருக்கட்டும்" என்றார் எங்கள் தலைவர் யூர்கன். நான் பழனிக்குப் போன் போட்டு அப்படியே சொன்னேன்.

பெட்டி வந்தது. திறந்தால், ஒவ்வொரு கம்பியும் எண்ணெய் போட்டுத் துடைத்து, தனித்தனியாகத் துணி சுற்றி, சீர்வரிசை போல அடுக்கியிருந்தது. ஒன்றில்கூட விரிசல் இல்லை. யூர்கன் புருவத்தைத் தூக்கினார். நான் மார்பை நிமிர்த்தி, "எங்கள் ஊர் இரும்பு அப்படி" என்றேன். பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தீய்ந்த பஜ்ஜியை யாராவது வைப்பார்களா? வெளிநாட்டுக்குப் போகிற பெட்டியில் எங்கள் ஊர்க்காரன் எவனாவது ஓட்டைக் கம்பியைப் போடுவானா? இது யூர்கனுக்குத் தெரியாமல் போனது நியாயம். ஆரம்பாக்கத்தில் பிறந்த எனக்குத் தெரியாமல் போனதுதான் வேடிக்கை.

அந்த யோக்கியமான கம்பிகளை வைத்தே மிஷினைக் கட்டினேன். சின்னச் சிப்பை நம்பி எதையும் கழித்துவிட எனக்கு மனசு வரவில்லை. நல்லது, கெட்டது, நடுவாந்திரம் எல்லாவற்றையும் அப்படியே பின்னால் இருக்கும் பெட்டிக்கு அனுப்பு, பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று வைத்தேன். கெட்டதே வராததால் பெரியவர்களுக்கு வேலை இல்லை. நேரத்துக்கு முன்பே பதில் வந்தது. நான் மிட்டாய் கொடுத்தேன்.

அந்த வருடக் கடைசியில் யூர்கனும் நானும் கும்மிடிப்பூண்டிக்கு வந்து மிஷினைப் பொருத்தினோம். ஓட்டிக் காட்டும் நாள் திருவிழாதான். தேங்காய் உடைத்தார்கள், கற்பூரம் ஏற்றினார்கள், ஹமீது பாய் கண்ணை மூடி துஆ ஓதினார். யூர்கனுக்குப் பொன்னாடை, எனக்கும் பொன்னாடை. கன்ட்ரோல் பலகைக்கு ரோஜா மாலை. வேகம் காட்டும் மீட்டர் மாலைக்குப் பின்னால் போய்விட்டது.

கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக, சாமி ஊர்வலம் போல் வந்தன. இடையில் வந்த ஒரே ஒரு பழுதுக்கும் சரியான இடத்தில் சிவப்பு விழுந்தது. பலகைக்கு முன்னால் நின்ற பழனியிடம் கேட்டேன்.

"இதான் ஃபுல் ஸ்பீடா மாப்ள?"

"இதான் மச்சான்."

கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டாயிற்று, பதிலும் வந்தாயிற்று என்று நான் பிரியாணிக்குப் போனேன். கைதேர்ந்த எஞ்சினியர் மாலையை ஒரு விரலால் ஒதுக்கி மீட்டரைப் பார்த்திருப்பான். நான் பொன்னாடை நழுவாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

4

ஜெர்மனிக்குத் திரும்பிச் சில மாதங்கள் கழித்து யூர்கன் என்னைக் கூப்பிட்டு ஒரு மின்னஞ்சலைக் காட்டினார். ஆலையிலிருந்து வந்தது. நல்ல கம்பிகளின்மேல் சிவப்பு விழுகிறது, விரிசல் விட்டவை வெளியே போய்த் திரும்பி வருகின்றன, மிஷின் பின்தங்குகிறது என்று இருந்தது. நான் நம்பவில்லை. அங்கேயே, அவர் எதிரிலேயே, பழனிக்குப் போன் போட்டேன்.

"சூப்பரா ஓடுது மச்சான். நீ ஒண்ணும் கவலப்படாத" என்றான் பழனி. விஜயா போனை வாங்கி, "எல்லாம் நல்லா கீதுண்ணா. நீ ஒடம்ப பாத்துக்க. அங்க பனியாமே" என்றாள்.

"என்ன சொல்கிறார்கள்?" என்றார் யூர்கன்.

"எல்லாம் நன்றாக இருக்கிறதாம்."

"அப்படியானால் ஆலை பொய் சொல்கிறதா, உன் குடும்பமா?"

எனக்குச் சுருக்கென்றது. என் குடும்பம் பொய் சொல்லாது என்று ஜெர்மனில் வீராவேசமாகச் சொன்னேன். கோபத்தில் வேற்றுமை உருபுகள் எல்லாம் இடம் மாறிப்போயின. சொல்லிவிட்டு என் மேஜைக்கு வந்து உட்கார்ந்ததும்தான் பழைய விஷயங்கள் ஒவ்வொன்றாக வந்தன. புயலில் ஆரம்பாக்கத்து வீட்டுக் கூரை பறந்தது எனக்குத் தெரிந்தது, புதுக் கூரை போட்டபிறகு. விஜயாவுக்குப் பித்தப்பையில் ஆபரேஷன் நடந்தது தெரிந்தது, தையல் பிரித்தபிறகு. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் தவறாமல் போன் செய்கிறவன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எல்லாம் நல்லா கீது.

யூர்கன் நல்ல மனிதர். "போய்ப் பார்த்துவிட்டு வா. ஆனால் இந்த முறை மாலை வேண்டாம்" என்றார்.

5

யாருக்கும் சொல்லாமல் வந்தேன். சொன்னால் ஸ்டேஷனுக்கு வண்டி வரும், வீட்டில் கோழி அடிபடும், ஆலையில் மாலை கட்டுவார்கள். விமானத்தை விட்டு இறங்கிச் சென்ட்ரலுக்கு வந்து, காலை லோக்கல் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களோடு நசுங்கி கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். என் பெட்டி எத்தனை பேர் காலில் இடித்ததோ அத்தனை பேரும் என்னைத் திட்டினார்கள். ஆலை வாசலில் செக்யூரிட்டி, "இன்னா வேணும்? ஆளு எடுக்கல, போ" என்றான். கம்பெனி அட்டையை நீட்டினேன். அதில் இருந்த என் படத்தையும் கசங்கிய என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, அரை மனதோடு உள்ளே விட்டான்.

லைன் ஓடும் சத்தம் வெளியிலேயே கேட்டது. எனக்குப் பழக்கமில்லாத சத்தம். உள்ளே போய்க் கம்பிக் கட்டுகளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.  அன்று நான் பார்த்தது ஊர்வலம். இது ரேஸ். எங்கள் சோழவரத்து ஓட்டப் பாதையில் ஒரு காலத்தில் கார்கள் பறந்ததுபோல் கம்பிகள் பறந்தன. ஒவ்வொன்றிலும் நல்ல இடம், மோசமான இடம் எல்லாம் கலந்திருந்தன. எல்லாவற்றையும் வாங்கி வாங்கி யோசித்து என் பெரியவர்கள் கூட்டம் திணறியது. பெயின்ட் குழாய் பாவம், ஒரு தப்பும் செய்யாத கம்பிகளின் முதுகில் சிவப்பைப் பீச்சிக்கொண்டிருந்தது. பலகையில் பழனி இல்லை. குமார் என்கிற வேறொருவர் நின்றார்.

பழனி எடைமேடையில் இருந்தான். லாரி நம்பரைக் கேட்டுச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முதலில் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"மச்சான்! எப்போ வந்த? ஒரு போன் போட்டிருந்தா ஸ்டேசனுக்கு வந்திருப்பேன்ல? நாஷ்டா ஆச்சா?"

"லைன வுட்டுட்டு இங்க இன்னா பண்ற மாப்ள?"

"சும்மாதான். கொஞ்ச நாளு காத்தாட ஒக்காருன்னாரு பாய்."

"யோவ், சீட்டு குடுயா! காத்தாட ஒக்காந்துக்கினு கதையா பேசற?" என்று லாரிக்குள்ளிருந்து டிரைவர் கத்தினார். பழனி தலையைக் குனிந்துகொண்டு சீட்டைக் கிழித்துக் கொடுத்தான். அவனைக் கண்டால் லாரிக்காரர்கள் பீடியை மறைத்த காலத்தை நான் பார்த்திருக்கிறேன்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா இன்னா பண்ணுவ? அங்க ஒக்காந்துக்கினு பேஜாரு ஆவ. நீயே பனில கெடந்து கஷ்டப்பட்டுக்கினு கீற."

"அன்னிக்கி ஏன் மெதுவா ஓட்ன? ஃபுல் ஸ்பீடுன்னு சொன்னியே?"

அவன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். "விருந்தாளி நிக்கிறப்போ எவனாவது ஃபுல்லுல ஓட்டுவானா? கம்பி துள்ளி மேல வுழுந்தா? அந்த வெள்ளக்காரரு வேற பக்கத்துல. நீயும் நின்னுக்கினு இருந்த. உன் மிஷினு உன் எதுர்லயே நின்னுச்சுன்னா எனக்கு எப்புடி இருக்கும்?"

நான் அவமானப்படக் கூடாது என்று என்னைக் காப்பாற்றியிருக்கிறான். அதற்கான விலையாக எடைமேடையில் உட்கார்ந்திருக்கிறான். எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் நேராக ஹமீது பாயிடம் போனேன்.

பாய் டீ வரவழைத்தார். "உக்காரு தம்பி. உன் மிஷினு நல்ல கம்பிக்கெல்லாம் பொட்டு வெச்சி உக்கார வெக்கிது. கெட்டது ஜோரா வெளிய போவுது. உன்ன நம்பி பழனி சொன்னான், அவன நம்பி நான் வாங்கினேன். இப்ப அவன லைன்லயே வெச்சா மத்தவன் இன்னா சொல்லுவான்? சொந்தக்காரன் மிஷினு, அதான் மூடி மறைக்கிறான்னு சொல்லுவான். நீ திரும்பிப் போறதுக்குள்ள ஃபுல் ஸ்பீடுல ஓட்டிக் காட்டு. பழனி அவன் எடத்துல நிப்பான். இல்லியா, மிஷின கழட்டி எட்னு போ. அவன் தராசாண்ட இருக்கட்டும்."

கோபப்பட எனக்கு இடமே கொடுக்காமல் பேசிவிட்டார்.

6

என்ன செய்ய வேண்டும் என்பது எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டபோதே தெரிந்துவிட்டது. எல்லாவற்றையும் பெரியவர்களிடம் அனுப்பக் கூடாது. சின்னச் சிப்பு தன் இடத்திலேயே முடிவு எடுக்க வேண்டும். நன்றாக இருக்கும் இடத்தை அதுவே விழுங்கிவிட வேண்டும். சந்தேகமான இடத்தை மட்டும், அது கம்பியில் எங்கே இருக்கிறது என்ற குறிப்போடு, பின்னால் அனுப்ப வேண்டும். பெட்டியில் எந்தப் பிராசசர் சும்மா இருக்கிறதோ அது எடுத்துக்கொள்ளட்டும், முறை வைத்துக் காத்திருக்க வேண்டாம். அவ்வளவுதான்.

புரோகிராமை மாற்றி எழுதிக்கொண்டிருக்கும்போது என் கை நின்றது. நல்லதை விழுங்கு, கெட்டதை அனுப்பு என்று சிப்புக்கு எழுதுகிறேன். என் வீட்டார் செய்வது இதற்கு நேர்மாறு. கெட்டதையெல்லாம் தாங்களே விழுங்கிவிட்டு, நல்லதை மட்டும் பொறுக்கி, எண்ணெய் போட்டுத் துடைத்து, ஜெர்மனிக்கு அனுப்புகிறார்கள். நானும் அதை வாங்கி வைத்துக்கொண்டு எங்கள் ஊர் இரும்பு அப்படி என்று பெருமை அடித்துக்கொள்கிறேன்.

சோதித்துப் பார்ப்பதில்தான் கூத்து. நான் மடிக்கணினியோடு லைனுக்குப் பக்கத்தில் போய் நின்றால் வேகம் குறைகிறது. "ஃபுல்லுதான் சார்" என்று சத்தியம் செய்தார் குமார். இந்த முறை மீட்டரைப் பார்த்தேன், பாதிகூட இல்லை. அவரைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை, அவர் கை தானாகவே குறைக்கிறது. அதனால் ஒரு கம்பிக் கட்டுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு ஒளிந்துகொண்டேன். வேகம் ஏறியது. எண்கள் ஒழுங்காக வர ஆரம்பித்தன. திடீரென்று மறுபடியும் குறைந்தது. எட்டிப் பார்த்தால் ஹமீது பாய் வந்து நிற்கிறார்.

"பாய், நீங்க நின்னா ஓடாது. இப்புடி வந்து ஒளிஞ்சிக்கங்க."

வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரும் என் பக்கத்தில் வந்து குந்தினார். வேகம் ஏறியது. "இன்னா கொடும தம்பி, என் ஃபாக்டரில நானே திருடன் மாதிரி குந்திக்கினு கீறேன்" என்றார். "அப்போ இத்தினி வருசமா நான் பாத்துக்கினு இருந்தது?"

"ஊர்வலம் பாய்."

அவர் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். பிறகு, "சரி, பழனிய கூப்புடு" என்றார்.

பழனி கையில் சீட்டுப் புத்தகத்தோடே வந்தான். அவனைப் பலகைக்கு முன்னால் நிற்கவைத்து, நான் உருளைகளுக்குப் பக்கத்தில், எல்லோரும் பார்க்கும்படி போய் நின்றேன். பாயும் என் பக்கத்தில் நின்றார். லைன் ஓட ஆரம்பித்தது. வேகத் திருகின்மேல் பழனியின் கை இருந்தது. பாதியில் நின்றுவிட்டது.

"ஏத்து மாப்ள."

"நீ தள்ளிப் போ மச்சான். அப்புறம் ஏத்தறேன்."

"நான் தள்ளிப் போவ மாட்டேன். ஏத்து."

"மச்சான், மறுபடியும் பெயின்ட்டு தப்பா வுழுந்துச்சுன்னா? பாய் எதுர்ல, எல்லார் எதுர்லயும்..."

"வுழட்டும். என் எதுர்லயே வுழட்டும். நான் விருந்துக்கு வந்தவனா? உன் பொண்டாட்டியோட அண்ணன்யா நானு!"

கத்திவிட்டேன். குமார் திரும்பிப் பார்த்தார். பழனிக்கு முகம் சிவந்தது. திருகை ஒரே திருப்பாகக் கடைசிவரை திருப்பினான்.

சத்தம் காதை அடைத்தது. என் கால் பின்னால் போகப் பார்த்தது; பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்திவைத்தேன். முதல் கம்பி சுத்தமாகப் போனது. அடுத்ததும் போனது. பிறகு வந்த ஒன்றின் நடுவில், விரற்கடை அளவுக்குச் சிவப்பு விழுந்தது. பழனி லைனை நிறுத்தி, அந்தக் கம்பியை இழுத்துப் போடச் சொல்லி, பெயின்ட் இருந்த இடத்தில் வெட்டச் சொன்னான். வெட்டு வாயில் மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்தது. பாய் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடியும் போட்டுப் பார்த்தார். பிறகு பழனியின் கையிலிருந்த சீட்டுப் புத்தகத்தை வாங்கிக் குமாரிடம் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் ஆரம்பாக்கத்து வீட்டில் நான் ஒரு சட்டம் போட்டேன். இனிமேல் போனில் நல்லதைச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, கெட்டது நடந்தால் நடந்த உடனே சொல்ல வேண்டும். சரி செய்தபிறகு சொல்வது செல்லாது.

"நீ அங்கேர்ந்துக்கினு இன்னாண்ணா பண்ணப் போற?" என்றாள் விஜயா.

"ஒண்ணும் பண்ண முடியாட்டியும் பரவால்ல. சொல்லு."

அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். அதற்கு "நீ கிளம்பு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று அர்த்தம்.

7

அப்படித்தான் நடந்தது. திரும்பி வந்தபிறகும் ஞாயிற்றுக்கிழமைதோறும் எல்லாம் நல்லாத்தான் இருந்தது. மிஷின் சூப்பர். மழை சூப்பர். பழனி பழையபடி லைனில் இருக்கிறான், அது மட்டும் நிஜம் என்று எனக்குத் தெரியும், மற்றது எதையும் நம்ப முடியவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், விதியே என்று விட்டுவிட்டேன். வருடங்களும் போயின.

போன மாதம் இங்கே வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. பழைய பாஸ்போர்ட் முடிந்து புதியது வந்திருந்ததால், நான் இந்த நாட்டில் தங்கலாம் என்கிற வில்லையை அதிலிருந்து இதற்கு மாற்றி ஒட்ட வேண்டும். ஒட்டுகிற வேலை ஒரு நொடி. அதற்கு விடியற்காலையிலேயே போய் நம்பர் சீட்டு எடுத்து, காத்திருக்க வேண்டும். பத்து வருடமாக வரி கட்டுகிற நானும், முந்தாநாள் வந்து இறங்கியவரும் ஒரே பெஞ்சில். முன்பு ஒருமுறை, "நான் காத்திருக்கிறேன்" என்று சொல்வதாக நினைத்து, "நீங்கள் காத்திருங்கள்" என்று அங்கே உத்தரவு போட்டவன் நான். அதனால் இப்போதெல்லாம் வாயைத் திறப்பதில்லை.

சுவரில் நம்பர் காட்டும் பலகையில் என் நம்பர் வர இன்னும் ஒருவர்தான் பாக்கி. அப்போது போன் அடித்தது. கும்மிடிப்பூண்டியில் அப்போது மதியவேளை, ஷிஃப்ட் நேரம். ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. பழனி இதுவரை என்னை அவனாகக் கூப்பிட்டதே கிடையாது.

"மச்சான், மிஷினு நின்னுச்சு."

நல்லா இருக்கியா இல்லை, சாப்டியா இல்லை, பனி எப்படி இல்லை.

"இப்பதான் நின்னுச்சு. லைன நிறுத்தி வெச்சிக்கினு கீறேன். வெளிய லாரி நிக்கிது, பாய் தலமேல நிக்கிறாரு. உன் பெட்டில ஒரு பலகைல லைட்டு செவப்பா எரியிது. இன்னா எழவு மிஷின கட்டிக் குடுத்த நீ? படிச்சவன்தான நீ? சொல்லு, இன்னா பண்ணட்டும்?"

பலகையில் என் நம்பர் விழுந்தது. நான் வெளியே ஓடினேன். உள்ளே போனில் பேசக் கூடாது.

"எத்தினாவது பலக மாப்ள? மேலேர்ந்து எண்ணு."

"மூணாவது."

"பவர ஆஃப் பண்ணு. மூணாவத உருவி வெளிய வெச்சிடு. திருப்பிப் போடாத. மீதி இருக்கிறது வேலய பங்கு போட்டுக்கும்."

"ஒண்ணு கொறஞ்சா தாங்குமா? நிச்சயமா தெரியுமா, இல்ல சும்மா சொல்றியா?"

"தெரியும். நான்தான எழுதினேன்."

"நீ எழுதினதாலதான் கேக்கறேன்."

பலகையை உருவும் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ திட்டினார்கள். பிறகு உருளைகள் சுற்ற ஆரம்பித்தன. சத்தம் ஏறி, ஏறி, கடைசிவரை ஏறியது. நான் காதில் போனை அழுத்திக்கொண்டு, படிக்கட்டில், குளிரில் நின்றேன். சிவப்பு எங்கே விழுகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். 

"வுழுதுயா, சரியா வுழுது" என்றான் பழனி. "புது பலக சீக்கிரம் அனுப்பு. சும்மா பாத்துக்கலாம், பாத்துக்கலாம்னு இழுக்காத" என்று சொல்லிவிட்டு, வைக்கிறேன் என்றுகூடச் சொல்லாமல் வைத்துவிட்டான்.

உள்ளே போனபோது என் நம்பர் எப்போதோ போய்விட்டிருந்தது. கவுன்டரில் இருந்த அம்மாள், விதி விதிதான், புதுச் சீட்டு எடுக்க வேண்டும் என்றார். சரி என்றேன். வாதாடுவேன் என்று எதிர்பார்த்திருப்பார் போல. என் முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, வாயும் இளித்துக்கொண்டிருந்தது. குரலைத் தாழ்த்தி, "வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறதா?" என்று கேட்டார்.

"இல்லை. என் தங்கை கணவர் என்னைத் திட்டினார்" என்றேன். புதுச் சீட்டை வாங்கிக்கொண்டு, பெஞ்சின் கடைசியில் போய் உட்கார்ந்தேன்.